மருந்தும் காம்பராவும்

இலங்கையின் ஊவாவில், எங்கள் பக்கத்தில், வீட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் ‘எத்தனை காம்பரா?’ என்றுதான் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. ஹாலிஎலவிலிருந்து பசறை வரை, பண்டாரவளையிலிருந்து நமுனுகுல வரை இந்தச் சொல்லுக்கு மாற்று கிடையாது. சொல் போர்த்துக்கேயருடையது. அவர்கள் மொழியில் அறைக்கு ‘காமரா’ என்று பெயர். தங்கள் சிறு பீரங்கிகளின் பின்புறத்தில் செருகும் இரும்புக் குவளைக்கும் அவர்கள் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். குவளைகளில் கருமருந்தை முன்கூட்டியே அடைத்து வரிசையாக வைத்துக்கொள்வார்கள். ஒன்று வெடித்ததும் அதை உருவிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். எங்கள் ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு அடைந்து கிடந்த அறைக்கும் பீரங்கியில் மருந்து அடைபட்டுக் கிடந்த அறைக்கும் பெயர் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரை மருந்து குடியிருந்த காம்பராக்களைப் பற்றியது. துவக்கு என்றதும் எல்லோர் கண்ணும் குழாயின் வாய்ப்பக்கம் போகும். துவக்கின் குணம் நிச்சயமாவது அதன் பின்பக்கத்தில். மருந்து எவ்வளவு, எவ்வளவு இடத்தில் இருக்கிறது, எத்தனை இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றையும் சொல்லிவிட்டால், ரவை எங்கே போய் விழும் என்பதைப் பாதி சொல்லிவிடலாம். ஊவாவில் அந்தக் காம்பரா நானூறு வருஷங்களில் பலமுறை இடம் மாறியது, வடிவம் மாறியது, சுருங்கியது.

முதல் காம்பரா வௌவால்களுடையது. கருமருந்தின் முக்கால்வாசி வெடியுப்பு. கண்டி அரசுக் காலத்தில் அதை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கவில்லை, மலைக் குகைகள் கொடுத்தன. சுரங்க விளக்குக்குப் பேர்போன ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ வைத்தியராக இருந்தவர். 1821இல் வெளிவந்த அவருடைய நூலில் தும்பறைப் பக்கத்திலும் ஊவாவிலும் இருந்த வெடியுப்புக் குகைகளைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். வௌவால் எச்சம் ஊறிய குகை மண்ணைச் சுரண்டி, மரச்சாம்பலோடு சேர்த்து, தண்ணீர் விட்டு வடித்துக் காய்ச்சுவார்கள். மழை மாதங்களில் வேலை ஓடாது. அரசனுக்கு வரியாகவே இந்த உப்பு போனது. ஒரு யுத்தத்தின் தொடக்கம் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போட்ட எச்சத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் யுத்தத்தின் மேல் இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

மழை இந்த மருந்துக்கு என்ன செய்யும் என்பதை ஊவா 1630இலேயே பார்த்துவிட்டது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா படையோடு மலையேறி வந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பி இறங்கும் வழியில், வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலவில் ஆகஸ்ட் மாதம் அவரை வளைத்துக்கொண்டார்கள். அவருடைய படையில் இருந்த சிங்களச் சிப்பாய்களான லஸ்கரின்கள் பக்கம் மாறினார்கள். அதோடு பெருமழையும் சேர்ந்தது. அந்தக் காலத்துத் துவக்கு திரித் துவக்கு. ஒரு கயிற்றின் நுனியில் எப்போதும் கங்கு இருக்க வேண்டும், அந்தக் கங்கு திறந்து கிடக்கும் ஒரு சிட்டிகை மருந்தைத் தொட வேண்டும். திரி நனைந்தது, மருந்து நனைந்தது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த துவக்குகள் அந்தக் காட்டில் வெறும் தடிகளாகிவிட்டன. கொன்ஸ்தந்தீனோ டி சா அங்கேயே கொல்லப்பட்டார். அந்தச் சேனைக்கு மிச்சமாக ஊவாவில் நின்றது காம்பரா என்ற சொல்தான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். மொழியியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்டிக்காரர்கள் துவக்குச் செய்வதில் யாருக்கும் சளைத்தவர்களல்ல. அவர்களுடைய நீண்ட துவக்குகளில் தீக்கல் பொறி இடது பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலது பக்கம். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும், தந்தமும் வெள்ளியும் பதித்திருக்கும். 1765இல் கண்டியைக் கொள்ளையிட்ட ஒல்லாந்தர் எடுத்துப்போன, லெவ்கே திசாவை என்ற கண்டி மாகாண அதிகாரியின் சின்னப் பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு 2023 டிசம்பரில்தான் வீடு திரும்பியது. தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த பீரங்கி. சுடுவதற்கென்று செய்ததாகத் தெரியவில்லை, பார்த்து மலைப்பதற்குச் செய்தது.

ஆனால் 1817 செப்டம்பரில், ஊவாவில் கிளர்ச்சி மூண்டபோது, பிரித்தானியரின் பதுளை அதிகாரி வில்சன் பிபிலைப் பக்கம் செத்தது துவக்கால் அல்ல, அம்பால். வில்லுக்கு நனைய மருந்து கிடையாது. அந்தக் கிளர்ச்சியை அடக்கவென்று பிரித்தானியர் அனுப்பிய ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ச்சிக்காரர்களோடு சேரும்போது தனக்குக் கொடுத்த துவக்குகளையும் மருந்தையும் ஆளுநருக்கே திருப்பி அனுப்பிவைத்தார் என்பார்கள். அந்தக் கணக்கை அவர் நேர் செய்துவிட்டுத்தான் சண்டைக்குப் போனார். 1818 நவம்பரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்தத் தலை எடின்பரோ வரை போய்வந்தது வேறு கதை.

இனி வெள்ளைக்காரத் தொரைமார் காலம்.

பதுளை டவுனில் செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1857இல் கட்டி முடித்தது. உள்ளே நுழைந்தால் அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் நினைவாக எழுப்பப்பட்டது என்று ஒரு கல் சொல்லும். பதுளையின் உதவி அரசாங்க அதிபர், நீதவான், தெருப் போட்டவர். 1,400 யானைகளைச் சுட்டவர் என்று, அந்தக் காலத்தில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் குறிப்பிட்டார். யானைத் தந்தம் விற்ற காசில்தான் பட்டாளத்தில் பதவி வாங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் யானையைக் கொன்றால் அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குக் காசு கொடுத்தார்கள் என்பதும் டெனன்ட் தரும் கணக்குத்தான். ரோஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் தேதி அப்புத்தளையில் தங்கியிருந்தபோது இடி மின்னலுக்கு நடுவே வாசலுக்கு வந்தார், மின்னல் விழுந்து செத்தார். அவருடைய நுவரெலியாக் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று மலைநாட்டில் எந்தச் சாதியும் எந்த மதமும் சொல்லும். யானைகளின் சாபம் என்று என் ஆச்சியும் சொல்வார். தேவாலயத்துக் கல்லில் அந்த விளக்கம் இல்லை.

யானைத் துவக்கின் பின்பக்கத்தைப் பற்றிச் சரியாக எழுதி வைத்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855இல் வெளியேறினார். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் நைல் நதியின் மூலம் தேடிப் பேர் வாங்கியவர். ஊவாவின் காட்டையும் நில்கலைப் பக்கத்துப் புல்வெளிகளையும் நாய்களோடும் துவக்குகளோடும் சுற்றியவர். அவருடைய பெரிய ரைபிள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் கடையில் 1840இல் செய்வித்தது. 21 இறாத்தல் எடை. 36 அங்குலக் குழாய், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் சுரிப் பள்ளம் இரண்டே இரண்டு. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூர்க் குண்டு 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். 28 கிராமுக்கு மேல். தேத்தண்ணீர்க் கரண்டியால் அள்ளினால் பல கரண்டி.

இந்த எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓர் அவுன்ஸ் மருந்து முழுவதும் எரிந்து முடிய நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது குழாயின் நீளம். 36 அங்குலம் அதற்காகத்தான். குண்டு முன்னால் போகும் அளவுக்குத் துவக்கு பின்னால் வரும். 21 இறாத்தல் பாரம் இருந்தால்தான் தோள் மிஞ்சும். சுரி அதிகமானால் ஈயம் பிய்ந்துவிடும், அதனால் குண்டுக்கு ஒரு வார் போல் விளிம்பு வைத்து இரண்டு சுரியில் ஓட விட்டார்கள். மருந்தைக் கூட்டினால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பேக்கர் பிற்பாடு ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோன இன்னொரு துவக்கு அரை இறாத்தல் வெடிகுண்டைப் 10 டிராம் மருந்தால் தள்ளியது. ஒவ்வொரு வெடிக்கும் அது அவரையே சுழற்றி விட்டதாம். அந்த ஆஜானுபாகு மனுஷனே அதைத் தொடப் பயந்தார்.

பேக்கரின் பெரிய துவக்கைத் தூக்கி நடந்தது பேக்கர் இல்லை. முன்னால் போகும் தொரைக்கு ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிய துவக்கை நீட்டுவதற்கென்றே ஆட்கள் போனார்கள். பேக்கரின் பட்டியலில் இந்த ஒன்றைத் தவிர 16 இறாத்தலில் ஒன்று, 15 இறாத்தல் இரட்டைக் குழாய்கள் நான்கு. கூட்டிப் பார்த்தால் 97 இறாத்தல் இரும்பு. காட்டுக்குள் அந்தப் பாரத்தைச் சுமந்தவர்களுக்கு யானை எதிரே வந்தால் ஓடக்கூடாது என்பது வேலை நிபந்தனை.

இப்போது அந்த ஓர் அவுன்ஸை உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள் இறக்கிப் பாருங்கள்.

ரிவால்வரில் குழாய் ஒன்று, காம்பரா ஐந்தோ ஆறோ. வட்டமாகக் கட்டிய ஒரு லயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மெல்லிய இரும்புச் சுவர். சுற்றி வரும் ஒவ்வொரு காம்பராவும் தன் முறை வந்ததும் குழாயின் எதிரே நிற்கும், வெடிக்கும், விலகும். பேக்கரின் துவக்கில் குழாயும் காம்பராவும் ஒரே இரும்பு. இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. தீயும் காற்றும் பக்கவாட்டில் பீறிட்டு அந்த இடுக்கு வழியாகப் போகும். அங்கேயே கொஞ்சம் பலம் போய்விடுகிறது.

ஆரம்ப கால ரிவால்வரில் தோட்டா கிடையாது. காம்பராவின் வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழாய்க்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். குண்டு காம்பராவைவிட ஒரு நூல் பெரிது. இறங்கும்போது விளிம்பில் ஈயம் மெல்லிய வளையமாகச் சீவிக்கொண்டு விழும். அந்த வளையம் விழுந்தால் கதவு சரியாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் நெருப்பு பக்கத்துக் காம்பராவுக்குப் புகும், சில வேளை இரண்டு மூன்று ஒன்றாக வெடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் அடுப்பு புகைந்தால் ஆறு காம்பராவும் இருமும் என்பார்கள். அதேதான். இதற்காகக் காம்பரா வாயில் கொழுப்புத் தடவும் பழக்கமும் வந்தது. பின்னால் ஒவ்வொரு காம்பராவுக்கும், அடித்தால் பொறி விடும் ஒரு செப்புக் கேப்பு. கங்குத் திரியைத் தீக்கல் துரத்தியது, தீக்கல்லை இந்தக் கேப்பு துரத்தியது. ரந்தெனிவெலவில் கேப்பு இருந்திருந்தால் ஊவாச் சரித்திரம் வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

எவ்வளவு மருந்து போட வேண்டும் என்பதில் அமெரிக்கர்கள் முதலில் பேராசைப்பட்டார்கள். சாமுவேல் கோல்ட் 1847இல் செய்த வாக்கர் ரிவால்வர் வெறும் கையில் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். காம்பராவுக்கு 60 கிரெய்ன் மருந்து, ஏறக்குறைய 4 கிராம். அந்தக் காலத்து இரும்பு அதைத் தாங்கவில்லை. உருளைகள் வெடித்தன. கூர்க் குண்டைப் பட்டாளத்துக்காரர்கள் தலைகீழாக வைத்து அழுத்தியதும் ஒரு காரணம். அடுத்த வருஷமே உருளையைக் குட்டையாக்கி மருந்தை 50 கிரெய்னுக்குக் குறைத்தார்கள். பிறகு வந்த 1851 நேவி மாடல் 25 கிரெய்னுக்குள் அடங்கி, அதற்குள்ளேயே பேர் வாங்கியது. பலம் காம்பராவின் பருமனிலேயே இருக்கிறது என்று நினைத்தவர்கள் இரும்பிடம் பாடம் படித்த கதை இது.

பெரிய காம்பராவில் இன்னொரு சிக்கல். ரிவால்வரின் குழாய் 5 அங்குலம், 7 அங்குலம், மிஞ்சினால் 9. கருமருந்து சடாரென்று எரியும் என்றாலும் அதற்கும் ஒரு கண நேரம் வேண்டும். குட்டைக் குழாயில் அளவுக்கு மேல் போட்ட மருந்து எரிந்து முடியாமல் வாசலில் பூச்சட்டி வாணம் காட்டிவிட்டுப் போகும். ரவையின் வேகம் கொஞ்சம்தான் கூடும், கையின் ஆட்டம் நிறையக் கூடும். அதனால் பொடி மருந்து இங்கே நல்லது, ஒவ்வொரு மணியும் சின்னது, சீக்கிரம் எரியும். பேக்கரின் துவக்குக்குக் கொரகொரப்பான பெரிய மணி.

மருந்தைக் குறைத்தால் சரியாகிவிடுமா? அங்கேயும் கணக்கு இருக்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கக்கூடாது, இருந்தால் அழுத்தம் தாறுமாறாகும். குண்டைக் கீழே இறக்கி மருந்தின் மேல் உட்கார வைத்தால், அது காம்பராவின் ஆழத்தில் கிடக்கும். வெடித்ததும் சுரியைத் தொடுவதற்கு முன் வெற்றுச் சுவரில் ஓடி, கோணலாகக் குழாய்க்குள் நுழையும். குறி தப்பும். இன்று பழைய ரிவால்வரின் நகல்களை வைத்து விளையாட்டாகச் சுடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குறைந்த மருந்துக்கு மேல், குண்டுக்குக் கீழே, ரவையைப் போட்டு இடத்தை அடைப்பார்கள். உப்புமா கிண்டும் ரவையேதான். ரவைக்குப் பின்னால் ரவை என்று தமிழில் மட்டும்தான் இதைச் சொல்லிச் சிரிக்க முடியும்.

காம்பராவின் வாய் அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருமருந்துப் பிரியர்கள் இன்னும் இதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். குழாயின் உள்ளே சுரிப் பள்ளத்துக்குச் சுரிப் பள்ளம் ஒரு அளவு இருக்கும். காம்பரா அதைவிட ஒரு மயிரிழை குறுகலாக இருந்தால், குண்டு காம்பராவிலேயே சுருங்கிப் போய்விடும். குழாய்க்குள் அது தொளதொளவென்று போகும், நெருப்புக் காற்று அதை முந்திக்கொண்டு ஓடும். இத்தாலியின் பிரெஸ்சியாப் பக்கத்தில் செய்யும் நகல்களில் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு என்பது பிரியர்களின் நித்தியப் புலம்பல். சிலர் கருவி வைத்து ஆறு காம்பராவையும் அரைத்து அகலமாக்குவார்கள். ஒரு காம்பரா கொஞ்சம் பெரிதாக, ஒன்று சின்னதாக இருந்தாலும் ஆறு வெடியும் ஆறு இடத்தில் விழும். ஒரே குழாய், ஆறு குணம்.

இங்கிலாந்தில் இந்தக் கருவிக்கு 1851 பெருங்கண்காட்சி ஒரு சந்தை. கோல்ட்டும் வந்தார், ரொபர்ட் அடம்ஸும் வந்தார். கோல்ட் 1853இல் லண்டனிலேயே தொழிற்சாலை வைத்து, மூன்று வருஷத்தில் மூடிக்கொண்டு போனார். அடம்ஸின் ஐந்து காம்பரா ரிவால்வர், பியூமொன்ட் என்ற பட்டாளத்து அதிகாரி செய்த திருத்தத்தோடு 1856இல் பிரித்தானியப் படைக்குள் நுழைந்தது. கோல்ட் சின்ன குண்டை வேகமாக அனுப்பும். அடம்ஸ் பெரிய குண்டைக் குறைந்த மருந்தில், பக்கத்தில் நிற்பவனைத் தள்ளிவிழுத்தும்படி அனுப்பும். காடும் கலகமும் நிறைந்த குடியேற்ற நாடுகளில் இருந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. 1868 அளவில் பித்தளைத் தோட்டா வந்தபோது அடம்ஸ் .450 தோட்டாவில் மருந்து வெறும் 13 கிரெய்ன். ஒரு கிராமுக்கும் குறைவு. பேக்கரின் ஓர் அவுன்ஸில் இப்படி 33 தோட்டா நிரப்பலாம்.

ஊவாவில் கோப்பித் தோட்டங்கள் விரிந்தது இந்தக் கால இடைவெளியில்தான். பதுளையிலிருந்து கோப்பி மாட்டு வண்டியில் கணவாய் இறங்கியது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, பிறகு தேயிலை வந்தது. சம்பளக் காசுப் பெட்டி டவுனிலிருந்து மலைக்கு வரும் நாட்களில் இடுப்பில் ரிவால்வரோடு ஆள் போவது அன்றைய வழக்கம். பங்களா அலமாரியிலும் ஒன்று கிடக்கும். அதைச் சுட்ட பிறகுதான் பாடு. கருமருந்து எரிந்தால் முக்கால் பங்காவது காற்றாகும் என்று நினைக்கக்கூடாது. நோபிள், ஏபல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1870களில் சொன்ன கணக்கில், எடையில் நூற்றுக்கு 57 பங்கு புகையும் கசடும், 43 பங்குதான் காற்று. அந்தக் கசடு உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். வடகீழ்ப் பருவமழையில் பதுளை மலைகளில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த ரிவால்வர் இரண்டு நாளில் துருப்பிடித்து உருளை சுழல மறுக்கும். வெந்நீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். அந்த வேலை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரிவால்வர் வெடிப்பதைப் பார்த்தவர்களைவிட அதைக் கழுவியவர்கள் அதிகம் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். அலமாரியில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் லயம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், அது போதும்.

பிறகு மருந்தே மாறியது. 1887இல் பிரித்தானியப் படை வெப்லி ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. அதன் .455 தோட்டாவில் 18 கிரெய்ன் கருமருந்து, 265 கிரெய்ன் ஈயம். 1889இல் கோர்டைட் வந்தது. நூல் போல் இழுத்த, புகை இல்லாத மருந்து. அதே வேலைக்கு ஆறரை கிரெய்ன் போதும். பித்தளைக் கூட்டின் பெரும்பகுதி வெறுமனே கிடந்தது. பெரிய காம்பராவில் ஒண்டிக் குடும்பம். வெற்றிடம் இருந்தால் எரிவது சீராக இருக்காது என்பது மேலே சொன்ன அதே கதை. 1890களின் கடைசியில் தோட்டாவின் கூட்டைப் பத்தில் ஒரு அங்குலம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். ரிவால்வரின் இரும்புக் காம்பரா பழைய நீளத்திலேயே நின்றது. குடியிருப்பவன் குள்ளமானான், வீடு அப்படியே இருந்தது.

புகையில்லா மருந்தின் முழு அர்த்தம் ஊவாவுக்கு மனித உருவில் வந்தது. 1900இல் தென்னாபிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேரை ரயிலேற்றித் தியத்தலாவைக்குக் கொண்டுவந்தார்கள். புகை வராத மவுசர் ரைபிளால், எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாமல் பிரித்தானியப் படையை அலைக்கழித்த விவசாயிகள். கருமருந்தில் சுட்டவன் ஒவ்வொரு வெடிக்கும் தன் இடத்தை வெள்ளைப் புகையால் எழுதிக் காட்டுவான். மவுசர்க்காரன் எழுதவில்லை. அந்தக் கைதிகளில் ஏங்கல்பிரெக்ட் என்பவர் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் நாடு திரும்பவில்லை. யால காட்டுக்கு முதல் காவலரானது அவர்தான். யானையைச் சுட்டவர்களுக்குத் தேவாலயம் கட்டிய மாகாணத்தின் எல்லையில், காட்டைக் காக்கும் வேலை சுடத் தெரிந்த ஒரு கைதிக்குப் போனது.

அதற்குப் பிறகு தோட்டங்களில் துவக்குச் சத்தம் கேட்டபோது அது கருமருந்தின் சத்தமாக இருக்கவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை மூல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்த வருஷமே பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸத் தோட்டத்திலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சம்பவங்களில் மருந்து எத்தனை கிரெய்ன், எத்தனை அங்குலக் கூடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியும் அதுவல்ல.

கருமருந்து ஊவாவை விட்டு முழுதாகப் போய்விடவுமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டத்தின்படி அனுமதி வாங்கிய இடியன் துவக்குகள் வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துச் சேனைக் குடிசைகளில் இன்னும் கிடக்கின்றன. வாய்வழியாக மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து அடைக்கும் துவக்கு. இடிப்பதால் இடியன். இதற்கு கிரெய்னும் இல்லை, டிராமும் இல்லை. கோலை உள்ளே விட்டுப் பார்த்து, குழாய் வாய்க்கு வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். அனுபவக்காரன் விரல் ஒரு விரல், அவன் மகன் விரல் ஒரு விரல். குழாயோ சில வேளை தண்ணீர்க் குழாய். வாக்கர் ரிவால்வரின் உருளை வெடித்த காரணம் எல்லாம் இங்கே இன்னமும் உயிரோடு இருக்கிறது.

அனுமதி இல்லாத வகையும் உண்டு. கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் கட்டி வைத்து, விசையில் ஒரு கயிறு. கயிற்றைத் தடக்குவது பன்றியா, மரையா, விடிகாலையில் விறகுக்குப் போகிற மனுஷியா என்று அதற்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே சன்னம் ஏறி மாவட்ட வைத்தியசாலைக்கு வருகிறவர்களைப் பற்றி அந்தப் பக்கத்து டாக்டர்கள் புதுச் செய்தி போலப் பேசுவதில்லை. ரோஜர்ஸ், பேக்கர் துவக்குகளின் பின்னாலாவது ஒரு ஆள் இருந்தான்.

கட்டியவன் இரவு வீட்டில் படுத்திருப்பான். மழை வந்தால் கேப்பு நனைந்துவிடும், மருந்து கட்டிப்பட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் மாலையிலேயே சந்தைக்குப் போன சிலிசிலிப் பையைப் பின்பக்கத்தில் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிட்டுத்தான் வருவான். ரந்தெனிவெல அங்கிருந்து தூரமில்லை.